அம்மா நேர்ந்த கிடா: கடன் யாருடையது?

ஈசூன் லிஃப்ட்காரர் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். சிங்கப்பூர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லிஃப்ட் பராமரிப்பு வேலை. ஈசூனில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. மனைவி, ஒரே மகள்.

மகள் 2013-ல் பிறந்தாள். 28-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள், எடை 980 கிராம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பிரசவத்துக்காக அம்மா விசிட் பாஸில் வந்திருந்தார். பத்தாவது நாள் ராத்திரி மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடனே வாருங்கள் என்றார்கள். நானும் மனைவியும் டாக்சி பிடித்து ஓடினோம். அம்மா வீட்டில் தனியாக இருந்தார்.

திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. சமையலறை சிங்க் முழுக்க மஞ்சள். ரவிக்கைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு சாண் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து, ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நாணயத்தை உள்ளே வைத்து முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "கருப்பருக்குக் கிடா நேர்ந்திருக்கேன்யா. புள்ள பொழைச்சு வந்துரும்" என்றார். அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "நம்ம ஊரு காசு கையில இல்லை. இந்த ஊருக் காசைக் கருப்பரு ஏத்துக்குவாரா?"

மகள் பிழைத்துவிட்டாள். 61 நாள் கழித்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். சிங்க்கின் ஓரத்து சிலிக்கானில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

கடன் மட்டும் நிற்கிறது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. என் லீவு, மகளின் பள்ளி, நடுவில் கோவிட், அப்புறம் அம்மாவின் முழங்கால். போன வருடம் அம்மா போய்விட்டார். தலைத்திவசம் முடிந்தது. இந்த ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். சித்தப்பா போனில், "உங்கம்மா சொன்ன வாக்கு, நீதான் முடிக்கணும். ஆட்டுக்குச் சொல்லி வைக்கவா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலமும் தமிழும் கலந்து அவள் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "நான் பிழைத்ததற்கு அது ஏன் சாக வேண்டும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சைவக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்குகிறவன். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறாள்?

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மாற்றாத கம்பியை மாற்றியதாக லாக்புக்கில் கையெழுத்துப் போட மாட்டேன். வாக்கும் எனக்கு அப்படித்தான். அம்மா சாமியிடம் ஒன்றைச் சொன்னார், சாமி கொடுத்துவிட்டது. இப்போது நான் வேறு ஏதோ செய்துவிட்டு "முடிந்தது" என்று எழுதினால் அது சரியாகுமா? இறந்தவர் நேர்ந்தது பிள்ளையைக் கட்டுமா? கிடாய்க்குப் பதில் வேறொன்று கொடுக்க நம் மரபில் இடம் இருக்கிறதா? மூடநம்பிக்கை என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்த ராத்திரி எங்களுக்கு இருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான்.

புக்கிட் பாத்தோக் தமிழாசிரியை:

தம்பி, முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வள்ளுவர் இதை நேராகவே சொல்லிவிட்டார்.

"நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக்
கொன்றாகும் ஆக்கம் கடை."

கொல்லாமை அதிகாரத்தில் வருவது. கொன்று அதனால் எவ்வளவு பெரிய நன்மை வந்தாலும் சான்றோருக்கு அது கடைசிதான். உங்கள் மகள் கேட்டதும் இதே கேள்விதான்.

கிடாய்க்குப் பதில் சாம்பல் பூசணி வெட்டிக் குங்குமம் தடவி வையுங்கள். இங்கேயும் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஊரில் நாலு பேருக்கு அன்னதானம் செய்யுங்கள். அம்மாவின் ஆத்மா குளிரும்.

துவாஸ் ராமநாதபுரத்தான்:

அண்ணே, டீச்சரம்மா சொன்னது குறள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிடா வெட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தியவுடன் வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். நான் பையனாக இருந்தபோது ஒரு கிடா சிலிர்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம். மேளம் நின்றுவிட்டது. இருநூறு பேர் நிற்கிற இடத்தில் ஆட்டின் மூச்சுச் சத்தம் கேட்கிறது. நேர்ந்துகொண்ட பெரியவர் அதன் முன்னால் மண்டியிட்டு, "என்ன குறை வச்சேன், சொல்லு" என்று அழுதார். தேக்காவில் பையில் போட்டுக் கொடுக்கிற கறிக்கு இப்படி யாராவது உத்தரவு கேட்டிருக்கிறார்களா? நானும் அங்கேதான் வாங்குகிறேன், உங்களைக் குறை சொல்லவில்லை.

அப்புறம் பங்கு. கறி நேர்ந்தவன் வீட்டுக்கு மட்டும் போகாது. பங்காளி எல்லோருக்கும் சமமாகப் பங்கு. தனியாக இருக்கிற கிழவிக்குக் கோயிலுக்கு வர முடியாவிட்டால் வீடு தேடிப் பங்கு போகும். எங்கள் அப்பத்தா காலத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள்தான் கறிச்சோறு. அதில் ஒரு நாள் சாமி போட்டது.

2003-ல் தமிழ்நாட்டு அரசு பழைய 1950-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று தடை போட்டது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் எங்கள் ஊரில் கிழவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாமிக்குச் சோறு போடாத வருஷம் என்றார்கள். 2004-ல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். எங்கள் சாமியைக் காட்டுமிராண்டிச் சாமி என்று பேப்பரில் எழுதியதெல்லாம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் மூலவர் ஐயனார். அவர் சைவம். பொங்கலும் பழமும்தான். கருப்பருக்குக் கிடா வெட்டும்போது ஐயனார் முன்னால் வேட்டியைத் திரையாகப் பிடித்துவிடுவார்கள், அவர் கண்ணில் ரத்தம் படக்கூடாது என்று. உங்கள் கோயிலிலும் ஐயனார் இருப்பார், விசாரியுங்கள். ரத்தம் பார்க்க மாட்டேன் என்கிற சாமியும் அதே எல்லைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கொடுக்கிறது மண்குதிரை. புரவி எடுப்பு என்போம். மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் செய்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தும். குழந்தை பிழைத்ததற்குப் புரவி நேர்ந்துகொள்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். கிடாயை மாற்ற வேண்டுமென்றால் ஊர் மரபுக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூசாரியைக் கேட்காமல் இங்கே உட்கார்ந்து முடிவு பண்ணாதீர்கள்.

வந்தவாசிக்காரி:

நான் தமிழ்ச் சமணக் குடும்பம். இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருடம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் இருட்டும், அதனால் அலுவலகம் முடிந்து வந்து சாப்பிட நேரம் கிடைக்கிறது. இதைச் சொல்லக் காரணம், கொல்லாமை எங்கள் வீட்டில் தினசரிக் காரியம். தண்ணீர் வடிகட்டுவதிலிருந்து ஆரம்பிக்கும்.

டீச்சர் பூசணிக்காய் சொன்னார்கள். அதைப் படித்ததும் என் பாட்டி சொன்ன யசோதரன் கதைதான் நினைவுக்கு வந்தது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று அது. யசோதரன் ராஜா. அவனுக்கு மனதை உலுக்கிய ஒரு காரியம் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. கெட்ட கனவு கண்டதாக அம்மா சந்திரமதியிடம் சொல்கிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடு, தோஷம் தீரும் என்கிறாள் அம்மா. கொல்ல மாட்டேன் என்கிறான். சரி, உயிர் வேண்டாம், மாவில் கோழி செய்து அதை அறு என்கிறாள். அம்மாவின் சொல்லைத் தட்ட முடியாமல் அவனும் மாக்கோழியை அறுக்கிறான். வெட்டும்போது அந்த மாவு நிஜக் கோழி மாதிரி கத்தியது என்று பாட்டி சொல்வார். சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

அதற்குப் பிறகு அவனும் அம்மாவும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, இன்னும் பல பிறவி எடுத்து, ஒவ்வொன்றிலும் வதைபட்டுச் சாகிறார்கள். மாவுக்கு வலிக்காதே, பிறகு ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். "மாவுக்கு வலிக்கலைம்மா. அறுத்தவன் மனசுல கோழியைத்தானே அறுத்தான்?" என்றார் பாட்டி. எங்களுக்கு ஹிம்சை கையில் ஆரம்பிப்பதில்லை, எண்ணத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அதனால் ஆட்டை மனதில் நிறுத்திக்கொண்டு பூசணியை வெட்டிக் குங்குமத்தை ரத்தமாகத் தடவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகள் கேட்ட கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும். கொடுக்க வேண்டுமென்றால் வெட்டுவதே இல்லாத ஒன்றைக் கொடுங்கள். எங்களில் தானம் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். பயந்து நடுங்கும் உயிருக்கு "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று கொடுப்பதுதான் அபயம். அந்தக் கதையின் முடிவில் அம்மாவும் மகனும் மறுபடி மனிதர்களாக, அபயமதி, அபயருசி என்ற பெயரில் பிறக்கிறார்கள். 28 வாரத்துக் குழந்தைக்கு அந்த ராத்திரி கிடைத்ததும் அபயம்தான் இல்லையா அண்ணா?

நீங்களே தேக்காவைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன். "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்" என்பதும் குறள்தான். துவாஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுவே. கோயில் ஆட்டுக்கு ஒரு நியாயம், கடை ஆட்டுக்கு ஒரு நியாயம் என்று எங்களால் பிரிக்க முடியாது.

ஈசூன் லிஃப்ட்காரர்:

எல்லோருக்கும் நன்றி. வந்தவாசி அம்மா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். மாவுக்கோழி கத்திய இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

துவாஸ் தம்பி சொன்ன திரை எங்கள் கோயிலிலும் உண்டு. சின்ன வயதில் அந்த வேட்டியின் ஒரு முனையை நானே பிடித்திருக்கிறேன். ஏன் பிடிக்கிறோம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு சந்தேகம். ஆட்டை வெட்டாமல் உயிரோடு கோயிலுக்கு நேர்ந்து விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. வந்தவாசி அம்மா சொன்ன அபயமும் அதுதானே. யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?

செங்காங் மருமகன்:

என் மனைவி சீனர், பௌத்தக் குடும்பம். உயிரோடு விடுவதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெரிய பேச்சே நடந்தது. புத்தர் பிறந்த விசாக தினத்தில் பறவை, மீன், ஆமை வாங்கி விடுவது என் மாமியாரின் பழக்கம். புண்ணியம் என்றுதான் செய்தார். ஆனால் விடுவதற்கென்றே பிடித்து விற்கிறார்கள். கூண்டில் வளர்ந்தது வெளியே போய்ப் பிழைக்கத் தெரியாமல் செத்துப்போகும், இல்லையென்றால் இங்கிருக்கிற உயிர்களுக்கு இடைஞ்சலாகும். தேசியப் பூங்காக் கழகம் ஒவ்வொரு விசாகத்துக்கும் விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கோயிலில் பிக்குவும் அதையே சொன்ன பிறகு மாமியார் நிறுத்திவிட்டார். இப்போது சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வீட்டில் சைவம், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன், நீங்கள் திருச்சியில் விமானம் ஏறிய பிறகு அந்த ஆட்டை யார் பார்ப்பார்கள்? கோயில் ஆட்டை ஏலம் விடுகிற ஊர்களும் இருக்கின்றன. ஏலம் எடுத்தவர் வளர்க்கவா எடுப்பார்?

பிக்கு ஒரு முறை கூடதந்தன் கதை சொன்னார், புத்தரின் உபதேசத் தொகுப்பான தீக நிகாயத்தில் வருவது. அந்தப் பிராமணர் எழுநூறு காளை, எழுநூறு ஆடு என்று கட்டி வைத்துக்கொண்டு, யாகத்தை எப்படிச் செய்வது என்று புத்தரிடமே கேட்கிறார். புத்தர் பழைய காலத்து ராஜா ஒருவரின் யாகத்தைச் சொல்கிறார். அதில் மாடு, ஆடு, கோழி எதையும் கொல்லவில்லை. நெய், எண்ணெய், வெண்ணெய், தயிர், தேன், வெல்லம் இவற்றாலேயே முடிந்தது. கம்பத்துக்கு மரம் வெட்டவில்லை. வேலைக்காரர்களை அடித்து மிரட்டவில்லை, யாரும் அழுதுகொண்டே வேலை செய்யவில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். உங்கள் சித்தப்பா மனம் நோகாமலும், மகள் அழாமலும் முடிகிற மாதிரி பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புக்கிட் பாத்தோக் தமிழாசிரியை:

வந்தவாசிப் பெண்ணே, யசோதர காவியத்தை வகுப்பில் ஐஞ்சிறு காப்பியம் என்று பெயர் எழுதிப்போடுவதோடு நிறுத்தியிருக்கிறேன். பூசணிக்காயை நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் தம்பி, அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் கடன் உங்களைக் கட்டுமா என்றால், கட்டும். இல்வாழ்வான் கவனிக்க வேண்டிய ஐந்து பேரில் வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது இறந்துபோன முன்னோரைத்தான் முதலில் வைத்தார், தெய்வத்தை அடுத்துத்தான் வைத்தார். அம்மா தெய்வத்திடம் சொன்ன சொல் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றும் செய்யாமல் மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஈசூன் லிஃப்ட்காரர்:

நேற்று சித்தப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்கே தெரியாத விஷயம் ஒன்று சொன்னார். அம்மா இங்கிருந்து திரும்பிப் போன இரண்டாவது வருடம், 2015-ல், கருப்பருக்கென்று ஒரு குட்டி வாங்கி வளர்த்தாராம். கொல்லையில் கட்டிப்போட்டு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டிருக்கிறார். நன்றாக வளர்ந்து கிடா ஆகியும், "பேத்தி வரட்டும், பேத்தி வரட்டும்" என்று இரண்டு திருவிழாவைத் தள்ளிவிட்டாராம். மூன்றாவது மழைக்காலத்தில் அது நோய் வந்து செத்துப்போனது. அதன் பிறகு வேறு குட்டி வாங்கவில்லை. எங்களுக்காகத்தான் காத்திருந்தாரா, வெட்ட மனம் வரவில்லையா, சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. "உங்கம்மா அதை என்கிட்ட சொல்லலை. நானும் கேட்கலை" என்றார். அந்தக் கிடாயின் கயிறு இன்னும் கொல்லையில் மாட்டியிருக்கிறதாம்.

மகள் கேட்டதைச் சித்தப்பாவிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "பூசாரிகிட்ட பேசுறேன்" என்றார். இன்று காலை கூப்பிட்டார். பூக்கட்டிப் பார்க்கலாம் என்கிறாராம் பூசாரி. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் புரவி, சிவப்பு வந்தால் கிடா.

நான் வேண்டாம் என்றேன். சிவப்பு வந்தால் செய்ய மனம் இல்லாதவன் சாமி முன்னால் அந்தக் கேள்வியை வைக்கவே கூடாது. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது போல ஆகிவிடும். "நேரடியாகக் கருப்பரிடமே சொல்கிறேன் சித்தப்பா. அம்மா கிடா சொன்னார், என்னால் முடியவில்லை, புரவி கொண்டுவந்திருக்கிறேன், குறையிருந்தால் என் மேல் வையுங்கள் என்று" என்றேன். பூசாரி அதற்கு முழுசாகச் சம்மதித்த மாதிரி தெரியவில்லை. சித்தப்பா சம்மதித்துவிட்டார். பங்காளிகளில் இரண்டு வீட்டார் வர மாட்டோம் என்கிறார்களாம். அவர்களை நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வந்தவர்களுக்குப் பங்கு இல்லாமல் போகக் கூடாது என்பதால் சோறு என் செலவு. துவாஸ் தம்பி சொன்ன மாதிரி வர முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போகும், நானே தூக்கிக்கொண்டு போவேன்.

தேக்காவுக்கு மூன்று வாரமாகப் போகவில்லை. வெட்டச் சொல்ல முடியாத கையால் எடை போடச் சொல்லவும் முடியவில்லை. இது எத்தனை நாள் நிற்கும் என்று இப்போதே சத்தியம் செய்யப்போவதில்லை. நேர்ந்த கடன் ஒன்றே போதும்.

வேளார் வீட்டில் குதிரை எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார்கள். மகளை நிலைப்படியில் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். நாலு அடி ஒன்பது அங்குலம். அதே உயரம் சொல்லியிருக்கிறேன்.

முடிச்சை இங்கே அவிழ்க்கக் கூடாது, சாமி முன்னால்தான் அவிழ்க்க வேண்டும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துணி ரொம்ப இற்றுப்போயிருக்கிறது. மகள் அதை ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அவிழ்ப்பது நான்தான் என்றும் சொல்லிவிட்டாள்.

துவாஸ் தம்பி, பெண் பிள்ளை கையால் அவிழ்க்க உங்கள் பக்கம் தடை ஏதும் இல்லையே?

துவாஸ் ராமநாதபுரத்தான்:

யாருக்காக முடிந்த காசோ, அந்தப் பிள்ளை அவிழ்க்கிறதுதான் முறை அண்ணே. எங்கள் ஊரில் அப்படித்தான். வெள்ளிக் காசை உண்டியலில் போடச் சொல்லுங்கள். கருப்பர் ஏற்றுக்கொள்வார்.